கோவையும் கிரைண்டரும்

இட்லிக்கு மாவாட்டுவது என்றால் ஒரு காலத்தில் ஆட்டுக்கல்தான். ஒரு கை குழவியைச் சுற்ற, மறு கை மாவைத் தள்ளிவிடும். தோள்பட்டை கழன்றுவிடும். அதனாலேயே பல வீடுகளில் இட்லி தீபாவளிப் பலகாரம்!

1932-ல் பைக்காரா மின்சாரம் வந்தபின் கோவையில் மில்கள் பெருகின. மோட்டார், பம்ப் பட்டறைகளும் வளர்ந்தன. இந்த ஊரில்தான் 1955-ல் சபாபதி என்பவர் கிரைண்டரை உருவாக்கியதாகச் சொல்வார்கள். ஆட்டுக்கல்லில் குழவி சுற்றும்; கிரைண்டரில் அடிக்கல்லை மோட்டார் சுற்றும். மாவு அதிகம் சூடாகாது.

பின்னர் கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்றது. 2011-ல் தமிழக அரசே இலவசமாக கிரைண்டர் கொடுக்கத் தொடங்கியது. இட்லி தினசரி டிபனாகிவிட்டது.

ஆனால் அரிசி ஊறவைப்பதும் கல் கழுவுவதும் இன்னும் பல வீடுகளில் அம்மா தலையில்தான். அதற்கு மோட்டார் தேவையில்லை, இன்னொரு ஜோடிக் கை போதும்.