உ.வே.சா.வின் இலக்கியக் கல்வியில் ஏடும் கதையும்

19ஆம் நூற்றாண்டில் தமிழ் கற்றவர்களுக்கு எழுதுவதும் பாடத்தின் ஒரு பகுதி. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871இல் மாணவராகச் சேர்ந்த உ. வே. சாமிநாதையர், ஆசிரியர் இயற்றிச் சொல்லும் செய்யுட்களை ஓலையில் எழுதினார். ஒரு புராணம் உருவாகும்போதே உடனிருந்து எழுதியவருக்கு யாப்பைத் தனியே விளக்கும் தேவை குறைவு.

1880இல் அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டே சேலம் இராமசுவாமி முதலியார் அவரிடம் சீவக சிந்தாமணியைப் பாடம் கேட்க விரும்பினார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, தலபுராணம் எனப் பலவற்றைக் கற்றிருந்த சாமிநாதையருக்கு இக்காப்பியம் புதிது. நச்சினார்க்கினியர் உரை கையில் இருந்தும் பல இடங்கள் விளங்கவில்லை. கதையையும் சமண மரபையும் முன்பே அறிந்தவர்களுக்காக எழுதப்பட்ட உரை போலும் அது! கும்பகோணத்துச் சமணர்களோ சிந்தாமணியைத் தம் வீடுகளில் படித்துவந்தனர். சாமிநாதையர் அவர்களிடம் சென்று கேட்டுத் தெளிந்தார். இலக்கணப் புலமை மட்டும் ஒரு காப்பியத்தை விளக்கப் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

சிந்தாமணி 1887இல் அச்சேறியது. 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்தபோது அவர் அரும்பதவுரையோடு நிற்கவில்லை. கதைச் சுருக்கத்தையும் புத்தர் வரலாற்றையும் உரைநடையில் எழுதிச் சேர்த்தார். பெருங்கதையின் கதையை ‘உதயணன் சரித்திரச் சுருக்கம்’ எனத் தனி நூலாகவும் தந்தார். முதலும் இறுதியும் கிடைக்காத அக்காப்பியத்தை வகுப்பில் நடத்துவோர் இச்சுருக்கத்திலிருந்து தொடங்குவது நல்லது.