கொதிப்பு என்னும் சொல்

வேலப்பன்சாவடியில் எங்கள் வீட்டுக்கு நான்கு தெரு தள்ளி வசிக்கும் மூத்த தமிழாசிரியர் ஒருவர், இரத்தக் கொதிப்பு மாத்திரையை ஓராண்டு விழுங்கிவிட்டு நிறுத்திக்கொண்டார். "எனக்குத்தான் ஒன்றும் செய்யவில்லையே, சார்" என்பது அவர் சொன்ன காரணம். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பேருந்துக்காக நின்ற ஒரு காலையில் அவருடைய வலக்கை பையை நழுவவிட்டது; வாய் கோணிற்று. முப்பது ஆண்டுகள் கம்பனைப் பாடம் சொன்னவர் இன்று 'தண்ணீர்' என்ற சொல்லைத் தேடிக் கண்டெடுக்க வேண்டியிருக்கிறது.

கொதிப்பு என்று நாம் வைத்த பெயரிலேயே ஒரு பிழை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கொதிப்பது சுட வேண்டும், சத்தமிட வேண்டும். இந்நோயோ பெரும்பாலும் எதையும் உணர்த்துவதில்லை. ஆனால் நண்பரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. அவர் செய்த பிழையை மருத்துவ உலகமே இருபதாம் நூற்றாண்டின் பாதிவரை செய்துகொண்டிருந்தது.

இத்தாலியரான ரிவா-ரோச்சி 1896இல் கையில் பட்டை கட்டி அழுத்தத்தை அளக்கும் கருவியை அமைத்தார். ரஷ்யரான கொரோட்காஃப் 1905இல் நாடியின் ஒலியைக் கேட்டு அளக்கும் முறையைச் சேர்த்தார். எண் கிடைத்துவிட்டது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. இறுகிய குழாய்களின் வழியே இரத்தத்தைத் தள்ள அந்த அழுத்தம் தேவை, குறைத்தால் கேடு என்று பெரிய மருத்துவர்களே நம்பினர்.

அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் அழுத்தம் 1937இல் 162/98, 1941இல் 188/105. அவரைக் கவனித்துவந்த மெக்கின்டைர் காது, மூக்கு, தொண்டை மருத்துவர். 1944 மார்ச்சில் இளம் இதய மருத்துவர் ஹோவர்ட் புரூயன் பரிசோதித்தபோது 186/108. இதயம் பெருத்துத் தளர்ந்திருந்தது. டிஜிடாலிஸ், உப்புக் குறைப்பு, ஓய்வு. அவர் கையிலிருந்தவை ஏறக்குறைய அவ்வளவே. (மறு ஆண்டு பிப்ரவரியில் யால்டாவில் ஐரோப்பாவின் எதிர்காலத்தைப் பேசியவர் இந்த உடலோடுதான் பேசினார்.) 1945 ஏப்ரல் 12 அன்று வார்ம் ஸ்பிரிங்ஸில் தலையில் கடும் வலி என்றார். அழுத்தம் 300/190. மூளையில் இரத்தக் கசிவு. வயது 63.

மருந்து நம் நாட்டுச் செடியொன்றில் இருந்தது. சர்ப்பகந்தா வேர் அழுத்தத்தைக் குறைப்பதைக் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931இலேயே எழுதிவிட்டனர். யார் கவனித்தார்கள்? பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949இல் பிரிட்டனின் இதயவியல் இதழொன்றில் தம் அனுபவத்தை வெளியிட்ட பிறகே மேற்குலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தார் அவ்வேரிலிருந்து ரெசர்பைனைப் பிரித்தெடுத்தனர்.

அப்போதும் வழக்கு தீரவில்லை. 1967இல்தான் தீர்ப்பு வந்தது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில், கீழ் அழுத்தம் 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்களில் 73 பேருக்கு ரெசர்பைன் உள்ளிட்ட மருந்துகளும் 70 பேருக்கு வெற்று மாத்திரையும் தரப்பட்டன. வெற்று மாத்திரை பெற்றவர்களில் 27 பேருக்குக் கடும் சிக்கல்கள் நேர்ந்தன. மருந்து பெற்றவர்களில் இருவருக்கு. ரூஸ்வெல்ட் இறந்து அப்போது இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில், கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' அம்மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது.

சென்ற ஞாயிறன்று நண்பருக்கு இக்கதையைச் சொன்னேன். ரூஸ்வெல்ட்டுக்கு மருந்தில்லை என்று சொன்ன இடத்தில் இடக்கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். மேசைமேல் கிடந்த தம் மாத்திரை அட்டையைக் காட்டினார். ஏதோ சொல்ல வந்தார், சொல் வரவில்லை.