இளையோர் புதினமும் வாசகர் மனக்குறையும்

இளையோர்க்கென எழுதப்படும் புதினம் இலக்கிய உலகில் காலத்தால் மிகவும் பிற்பட்டது. காவியமும் நாடகமும் பல நூற்றாண்டுகள் வாழ்ந்து மூத்துவிட்ட பின்னர், அஃது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க நாட்டில் தனி வகையாக உருப்பெற்றது. பதின்மூன்று வயதுக்கும் பத்தொன்பது வயதுக்கும் இடைப்பட்டோர் குழந்தையரும் அல்லர், முதிர்ந்தோரும் அல்லர். அவர்களுக்கென நூலகங்களில் தனியே ஓர் அடுக்கு ஒதுக்கப்பட்டதும், அவ்வடுக்கை நிரப்புவதற்கெனப் பதிப்பாளர் நூல்களை வரவழைத்ததும் அந்நாட்டிலேதான்.

இவ்வகையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வெற்றிபெற்ற நூல்களை வரிசைப்படுத்திக் காட்டுவர். நாம் ஈண்டு வேறொரு வழியிற் செல்லக் கருதுகிறோம். படித்த இளைஞர் நூலை மூடி வைத்துவிட்டு, தாம் எதிர்பார்த்தது இதுவன்று என்று மனங்குறைந்த இடங்களை மட்டும் தொட்டுச் செல்வோம். அம்மனக்குறைகளே இவ்வகையின் போக்கைப் பன்முறை திருப்பிவிட்டிருக்கின்றன. அன்றியும், மாணவர் ஒருவர் ஒரு கதை தமக்குப் பிடிக்கவில்லை என்று கூறும்போது அக்கூற்றை எவ்வாறு எடைபோடுவது என்பது ஆசிரியர்க்கு அன்றாடம் எழும் வினா. விரும்பியது நடவாமையால் வரும் மனக்குறை ஒன்று. உண்மை மறைக்கப்பட்டமையால் வரும் மனக்குறை மற்றொன்று. இரண்டும் ஒரே சொற்களில்தான் வெளிப்படும். அதனாலேயே அவற்றைப் பிரித்தறிதல் அரிதாகிறது.

முதற்கண் 1868ஆம் ஆண்டுக்குச் செல்வோம். அந்நாளில் இளையோர் புதினம் என்னும் பெயர் வழக்கில் இல்லை. பாஸ்டன் நகரின் ராபர்ட்ஸ் சகோதரர் பதிப்பகத்தைச் சேர்ந்த தாமஸ் நைல்ஸ் என்பார், லூயிசா மே ஆல்காட் அம்மையாரிடம் சிறுமியர்க்கென ஒரு கதை எழுதித் தருமாறு கேட்டிருந்தார். அம்மையார்க்கு அதில் நாட்டம் இல்லை. தம் உடன்பிறந்தாரைத் தவிர வேறு சிறுமியர் பலரைத் தாம் அறிந்ததும் இல்லை, விரும்பியதும் இல்லை என்று நாட்குறிப்பில் எழுதிவைத்துவிட்டே வேலையைத் தொடங்கினார். முதற் பன்னிரண்டு அத்தியாயங்களைப் படித்த நைல்ஸ், அவை சுவையற்றவை என்று கருதினார். எழுதியவரும் அதனை ஒப்புக்கொண்டார். ஆனால் கையெழுத்துப்படியைப் படித்த சிறுமியர் சிலரோ மிகச் சிறப்பாக இருக்கிறது என்று கூறிவிட்டனர். முதிர்ந்தோர் இருவர் சுவையற்றது எனத் தீர்ப்பளித்த நூலுக்குச் சிறுமியர் வேறு தீர்ப்பு எழுதினர். 'லிட்டில் விமன்' என்னும் பெயரில் அவ்வாண்டு வெளிவந்த அந்நூலின் முதற்படிகள் இரண்டாயிரமும் விரைவில் விற்றுத் தீர்ந்தன.

உடன்பிறந்த பெண்கள் நால்வரின் கதை அது. நால்வருள் ஜோ என்பவள் துடுக்கும் துணிவும் மிக்கவள். எழுத்தாளராக வேண்டும் என்னும் வேட்கை உடையவள். அண்டை வீட்டு இளைஞன் லாரி அவளுக்கு உற்ற தோழன். முதற்பகுதி வெளிவந்த சில வாரங்களுக்குள் வாசகச் சிறுமியரிடமிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. இப்பெண்கள் யார் யாரை மணப்பார்கள் என்பதே அவர்களது வினா. மணம் ஒன்றே பெண்ணின் வாழ்க்கைக்கு முடிவும் நோக்கமும் என்பதுபோல் கேட்கிறார்களே என்று அம்மையார் சலித்துக்கொண்டார். எவரையும் மகிழ்விக்கும் பொருட்டு ஜோவை லாரிக்கு மணமுடிக்கப் போவதில்லை என்றும் உறுதி பூண்டார். 1869இல் வெளிவந்த இரண்டாம் பகுதியில் லாரி ஜோவின் தங்கை ஏமியை மணக்கிறான். ஜோவோ வயதில் மூத்தவரும் செல்வமற்றவருமாகிய ஜெர்மானியப் பேராசிரியர் பேயரை மணக்கிறாள்.

வாசகியர் அடைந்த ஏமாற்றம் சிறிதன்று. ஒன்றரை நூற்றாண்டு கடந்த பின்னரும் அவ்வேமாற்றம் ஓயவில்லை. இதில் யார் பக்கம் நியாயம்? ஜோவும் லாரியும் ஒருவருக்கொருவர் ஏற்றவர் அல்லர் என்பதை நூல் தெளிவாகவே உணர்த்துகிறது. ஆதலால் மறுத்தது சரியே. ஆனால் அத்தோடு கதை முடியவில்லை. ஜோ மணம் புரியாமல் எழுத்தையே வாழ்வாகக் கொண்டிருக்க வேண்டும் என்பதே அம்மையாரின் உள்ளக்கருத்து. லாரியையோ வேறு யாரையேனுமோ மணக்கவேண்டும் என்று கடிதங்கள் குவிந்தமையால் மறுக்கத் துணியாமல், சற்றுக் குறும்பாகவே அவ்விசித்திரப் பொருத்தத்தைச் செய்துவைத்ததாக அவரே பின்னர் ஒரு நண்பர்க்கு எழுதினார். ஆல்காட் அம்மையார் இறுதிவரை மணம் புரியாதவர். ஏ. எம். பார்னார்டு என்னும் புனைபெயரில் பரபரப்புக் கதைகள் எழுதிக் குடும்பத்தைக் காத்தவர். அத்தகைய கதைகளையே ஜோ எழுதும்போது பேராசிரியர் பேயர் கண்டிக்கிறார் என்பது நகைப்புக்குரியது. வாசகியர் விரும்பியதையும் அவர் தரவில்லை. தாம் அறிந்த உண்மையையும் தரவில்லை. இடையில் ஓர் உடன்பாட்டைத் தந்தார். சிறுமியர் லாரியைக் கேட்டார்கள். அக்கேள்வி பிழையாக இருக்கலாம். எனினும் அம்முடிவில் ஏதோ ஒன்று பொருந்தவில்லை என்று அவர்கள் உணர்ந்தது பிழையன்று.

இனி 1942ஆம் ஆண்டு. அயர்லாந்தில் பிறந்து, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வளர்ந்த மாரீன் டேலி என்னும் இளம்பெண், கல்லூரி மாணவியாக இருந்தபோதே 'செவன்டீன்த் சம்மர்' என்னும் புதினத்தை எழுதினார். தாம் வாழ்ந்த ஃபாண்டு லாக் என்னும் சிற்றூரையே களமாகக் கொண்டு, ஒரு கோடைக்கால முதற்காதலை அதிற் சித்திரித்தார். பெரியோர்க்கான புதினமாகவே வெளியிடப்பட்ட அதனை இளையோர் தமதாக்கிக்கொண்டனர். அதே பத்தாண்டுகளில் பால்டிமோர் நகரப் பொது நூலகத்தில் மார்கரெட் எட்வர்ட்ஸ் அம்மையார் இளையோர்க்கென நூற்பணி ஆற்றிவந்தார். குதிரை வண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு நகரின் ஏழைத் தெருக்களுக்குச் சென்றவர் அவர். நாடி வரும் இளையோரும் பெருகினர். நாடித் தேடித் தரும் நூலகரும் பெருகினர். குறைபட்டது நூல்களே.

அக்குறையை நிரப்பப் பதிப்பாளர் கண்ட வழி, டேலியின் வெற்றியை வார்ப்பாக்கி அதில் நூல்களை வார்த்தெடுப்பது. பள்ளி நடன விழாவுக்குத் தன்னை யார் அழைப்பார் என்று ஏங்கும் பெண், பந்தாட்டக் குழுவில் இடம்பெறத் துடிக்கும் பையன், எல்லாம் அறிந்த பெற்றோர், இறுதியில் ஓர் அறிவுரை. இவையே அவ்வார்ப்பின் உறுப்புகள். டேலியின் இளைஞர் புகைப்பர், பீர் அருந்துவர். பின்வந்த நூல்களில் அவையும் விலக்கப்பட்டன. மணமுறிவு இல்லை, வறுமை இல்லை, நிறவேற்றுமை இல்லை. எல்லாம் தூய்மையாக இருந்தன. உயிர் மட்டும் இல்லை. இவற்றை எழுதியோர் தீயவர் அல்லர். இளையோர் உள்ளம் கெட்டுவிடக் கூடாதே என்னும் நல்லெண்ணத்தாலேயே எழுதினர். நல்லெண்ணம் ஒன்றே நல்ல நூலைத் தந்துவிடுமானால் நம் நூலக அடுக்குகளில் தூசி படியாது.

இந்நிலைக்கு மறுமொழி ஒரு மாணவியிடமிருந்து வந்தது. ஓக்லஹோமா மாநிலத்துத் தல்சா நகரில் 1948இல் பிறந்த எஸ். இ. ஹிண்டன், படிப்பதில் பெருவிருப்பம் உடையவர். குழந்தை நூல்களைக் கடந்துவிட்ட அவருக்கு அடுத்த அடுக்கிற் கிடைத்தவை நடன விழாக் கதைகளே. அவர் படித்த பள்ளியிலோ வறிய பையன்களும் செல்வர் வீட்டுப் பையன்களும் இரு கூட்டமாகப் பிரிந்து அடித்துக்கொண்டிருந்தனர். அவருடைய நண்பன் ஒருவன் வீடு திரும்பும் வழியில் தாக்கப்பட்டான். தாம் காணும் வாழ்க்கை எந்த நூலிலும் இல்லையே என்னும் மனக்குறையோடு, பதினைந்தாம் வயதில் அவர் எழுத அமர்ந்தார். தந்தையார் மூளைக்கட்டியால் இறந்துகொண்டிருந்த காலம் அது. நூலின் பெரும்பகுதியை அவர் எழுதி முடித்த ஆண்டில், பள்ளியின் படைப்பெழுத்துப் பாடத்தில் அவருக்குக் கிடைத்தது தேர்ச்சியின் விளிம்பாகிய 'டி' என்னும் மதிப்பே.

'தி அவுட்சைடர்ஸ்' என்னும் அப்புதினம் 1967இல் வைக்கிங் பதிப்பகத்தாரால் வெளியிடப்பட்டது. பையன்களின் சண்டையைப் பெண் எழுதினாள் என்றால் மதிப்புரையாளர் ஒதுக்கிவிடுவர் என அஞ்சிய பதிப்பகத்தார், பெயரின் முதலெழுத்துகளை மட்டும் இடச் செய்தனர். கதையைக் கூறுவோன் போனிபாய் என்னும் பதினான்கு வயதுச் சிறுவன். பெற்றோரை விபத்தில் இழந்து, அண்ணன்மார் இருவருடன் வாழ்பவன். அவனுடைய தோழன் ஜானி, அவனைக் காக்கும் முயற்சியில் எதிர்க்கூட்டத்தான் ஒருவனைக் கத்தியாற் குத்திக் கொன்றுவிடுகிறான். கதையின் முடிவில், பாடத்தில் தோற்கும் நிலையிலிருக்கும் போனிபாயிடம் ஆங்கில ஆசிரியர், நல்லதொரு கட்டுரை எழுதித் தந்தால் தேர்ச்சி அளிப்பதாகக் கூறுகிறார். அவன் எழுதத் தொடங்கும் கட்டுரையே நாம் படித்து முடித்த புதினம். 'டி' மதிப்புப் பெற்ற மாணவியின் கற்பனையில் எழுந்த ஆசிரியர் எத்துணைப் பெருந்தன்மை உடையவர்!

அதே ஆண்டில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் நூல் மதிப்புரைப் பகுதியில் ஹிண்டன் ஒரு கட்டுரையும் எழுதினார். இளையோர்க்கென எழுதுவோர் இளையோரின் உண்மை வாழ்க்கையை அறியாதவர்களாக இருக்கின்றனர் என்பது அதன் சாரம். நூல் உடனே பரவிவிடவில்லை. பெரியோர்க்கான மலிவுப் பதிப்புகளோடு கடைகளில் வைக்கப்பட்டபோது கேட்பாரற்றுக் கிடந்தது. ஆசிரியர்கள் வகுப்பிற் படிக்கக் கொடுத்த இடங்களில்தான் அது விற்பனையானது. அதைக் கண்ட பின்னரே தம் வாசகர் யாவர் என்பது பதிப்பாளர்க்கு விளங்கிற்று. குறைகள் இல்லாத நூலன்று அது. உணர்ச்சி மிகுந்து வழியும் இடங்கள் பல உண்டு, சாவுகள் அடுத்தடுத்து வருகின்றன. ஆயினும் ஒரு கோடிப் படிகளுக்கு மேல் விற்ற அந்நூலை இளையோர் கைவிடவில்லை. 1980இல் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோவைச் சேர்ந்த பள்ளி ஒன்றின் நூலகரும் மாணவரும் இதனைப் படமாக்க வேண்டுமெனத் திரைப்பட இயக்குநர் பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவுக்கு மடல் எழுதினர். 1983இல் படம் வெளிவந்தது. 1988இல் மார்கரெட் எட்வர்ட்ஸ் பெயரால் விருது நிறுவப்பட்டபோது முதல் விருது ஹிண்டனுக்கே வழங்கப்பட்டது.

உண்மையே வேண்டும் என்னும் இப்பசியைக் கண்டுகொண்டோரும் இருந்தனர். 1971இல் 'கோ ஆஸ்க் ஆலிஸ்' என்னும் நூல், போதைப்பொருளுக்கு அடிமையாகி மாண்ட பெண்ணொருத்தியின் மெய்யான நாட்குறிப்பு என்னும் அறிவிப்போடு ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. அதனை உண்மை என நம்பிப் படித்தோர் எண்ணிறந்தோர். எச்சரிக்கை நூலாக மாணவர் கையிற் கொடுத்த ஆசிரியரும் பலர். பின்னர் பியாட்ரிஸ் ஸ்பார்க்ஸ் என்பார் அதன் தொகுப்பாளராகத் தம்மை வெளிப்படுத்திக்கொண்டார். பிற்காலப் பதிப்புகளில் அது கற்பனைப் படைப்பு என்றே குறிப்பு இடம்பெறலாயிற்று. நடன விழாக் கதைகள் உண்மையை மறைத்தன. இந்நூலோ உண்மையின் ஆடையைத் திருடி உடுத்திக்கொண்டது. இரண்டுள் எது பெருங்குற்றம் என்று கேட்டால், நாம் இரண்டாவதையே கூறுவோம்.

இவ்விடத்தில் ராபர்ட் கார்மியரை நினையாமல் இருத்தல் இயலாது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் செய்தியாளராகப் பணியாற்றியவர் அவர். பள்ளி நிதிக்காகச் சாக்லெட் விற்க அவருடைய மகன் மறுத்தான். தீங்கு ஒன்றும் விளையவில்லை. விளைந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று தந்தை எண்ணிப் பார்த்ததன் விளைவே 'தி சாக்லெட் வார்' (1974). விற்க மறுக்கும் ஜெர்ரி என்னும் மாணவன் இறுதியில் அடித்து நொறுக்கப்படுகிறான். எதிர்த்து நிற்பதாற் பயனில்லை என்று எண்ணும் அளவுக்கு அவன் மனமும் நொறுங்குகிறது. முடிவை மாற்றினால் வெளியிடுவோம் என்றனர் சில பதிப்பாளர். கார்மியர் இணங்கவில்லை. ஆல்காட் அம்மையார் வளைந்த இடத்தில் அவர் வளையாமல் நின்றார். வாசகர் விரும்பியது நடக்கவில்லை என்பது மெய்யே. ஆனால் நூலின் முதற்பக்கத்திலிருந்தே அம்முடிவு தன் வருகையை அறிவித்துக்கொண்டே வருகிறது. 2004ஆம் ஆண்டில், நூலகங்களிலிருந்து நீக்குமாறு மிகுதியாக முறையிடப்பட்ட நூல்களின் பட்டியலில் அமெரிக்க நூலகச் சங்கம் இதற்கு முதலிடம் தந்தது. கார்மியரின் மற்றொரு புதினமாகிய 'ஐ ஆம் தி சீஸ்' (1977) நூலில், கதையில் வரும் பெண்ணின் தொலைபேசி எண்ணாகத் தம் வீட்டு எண்ணையே அவர் கொடுத்திருந்தார். வாசகர் மெய்யாகவே அழைத்தனர். அவரும் எடுத்துப் பேசினார். மனங்குறைந்த வாசகனை எதிர்கொள்ள அஞ்சாத எழுத்தாளர் அவர்.

அண்மைக் காலத்திலும் இவ்வரலாறு தொடர்கிறது. வெரோனிகா ராத் எழுதிய 'டைவர்ஜென்ட்' வரிசையின் மூன்றாம் நூலாகிய 'அலீஜியன்ட்' 2013இல் வெளிவந்தபோது எழுந்த சினம் பெரிது. கதைத்தலைவி டிரிஸ் இறந்துவிடுகிறாள் என்பதே பலரது முறையீடு. ராத் அதற்கு விடை கூறினார்: பிறர்க்காகத் தன்னை ஈயும் குணம் அவளிடம் தொடக்கம்முதல் வளர்ந்துவந்தது, இறுதி அதனின்றும் பிறந்ததே என்றார். அவ்விடை ஏற்கத்தக்கதே. ஆனால் வேறொரு முறையீடும் இருந்தது. முன்னிரு நூல்களையும் டிரிஸ் மட்டுமே கூறினாள்; மூன்றாவதில் அவளும் காதலன் டோபியாஸும் மாறிமாறிக் கூறுகின்றனர். இருவர் குரலும் ஒன்றுபோலவே இருக்கிறது, அத்தியாயத் தலைப்பைத் திருப்பிப் பார்த்தால்தான் பேசுவது யார் என்று தெரிகிறது என்று இளவாசகர் பலர் சுட்டினர். கதைத்தலைவி இறக்கப் போகிறாள் என்பதாலேயே இரண்டாம் குரல் தேவைப்பட்டது என்பது கடைசிப் பக்கங்களில் விளங்கும். எனினும் தேவைக்காகக் கொணரப்பட்ட அக்குரலுக்கு உயிர் தரப்படவில்லை. சாவுக்காக அழுதவர்களே, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு இந்தக் குறையையும் கண்டுபிடித்தனர். அவர்களுட் பலர் அப்போது பள்ளிப் பருவத்தைக் கடக்காதவர்கள்.