அந்தப் பதில் யாருக்குப் போனது?

பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, ஃபாரஸ்ட் கேட்டில் எங்கள் தமிழ்ப் பள்ளியின் மின்னஞ்சல் குழுவில் நானும் இருந்தேன். கட்டணம் கட்டாதவர்கள் விரைவில் கட்டவேண்டும் என்று பொருளாளர் ஒருநாள் எழுதியிருந்தார். நான் அவருக்குப் பதில் எழுதினேன்: "பக்கத்து வீட்டு அன்ரிக்கு வேலை போயிட்டுது. இந்தத் தவணைக் காசை அவவிட்டக் கேக்காதேங்கோ." வந்த மடலில் பொருளாளரின் பெயர்தான் இருந்தது. 'ரிப்ளை' பொத்தானை அழுத்தினேன். அது குழுவில் இருந்த எல்லாக் குடும்பங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. அடுத்த சனிக்கிழமையிலிருந்து அன்ரி மகனைப் பள்ளிக்குக் கூட்டி வரவில்லை. என்னிடம் அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

கவனமில்லாமல் இருந்தது என் பிழைதான். ஆனால் அந்த மடல் போகும் வழியைத் தீர்மானித்தது ஒரேயொரு வரி. அந்த வரியைப் பற்றிய சண்டைக்கு என்னைவிட வயது அதிகம்.

ஒவ்வொரு மடலின் தலைப்பகுதியிலும் அனுப்பியவர் பெயருக்கு ஒரு வரி உண்டு. விரும்பினால் 'ரிப்ளை-டு' என்று இன்னொரு வரியும் சேர்க்கலாம். அது இருந்தால் பதில் அந்த முகவரிக்கே போகும். 1982 ஆகஸ்டில் டேவிட் குரோக்கர் தொகுத்த ஆர்எஃப்சி 822 என்ற விதி ஆவணம், குழுவாக உரையாடுபவர்கள் இந்த வரியில் குழுவின் முகவரியைப் போடலாம் என்று ஒரு யோசனை சொன்னது. பல குழுக்களின் சேர்வர்கள் தாங்களாகவே அதைப் போடத் தொடங்கின. எழுதியவர் தன் வேறொரு முகவரியை அங்கே கொடுத்திருந்தால் அது அழிந்துபோகும்.

இது தீங்கானது என்று சிப் ரோசன்தால் ஒரு கட்டுரை எழுதினார். இல்லை, பயனுள்ளது என்று சைமன் ஹில் மறுத்து எழுதினார். 2001 ஏப்ரலில் வந்த ஆர்எஃப்சி 2822, பதில் எங்கே வரவேண்டும் என்று மடலை எழுதியவர் சொல்லும் இடமே அந்த வரி என்றது. அதற்கு முன்பே, 1998இல், குழுவின் முகவரிக்கென்று 'லிஸ்ட்-போஸ்ட்' என்ற தனி வரியும் வந்துவிட்டது. தண்டர்பேர்ட் போன்ற சில மென்பொருள்கள் அதை வைத்து 'குழுவுக்குப் பதில்' என்று தனிப் பொத்தானே கொடுத்தன. மற்றப் பல மென்பொருள்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. சண்டை அப்படியே நின்றது.

எல்லோருக்கும் போகும் பதிலை நான் வெறுக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் இன்று வட்ஸ்அப்பில் தமிழில் தட்டுவது யூனிகோடில். அதற்கு முன் ஒவ்வொரு எழுத்துருவும் ஒவ்வொரு விதம். சிங்கப்பூரில் தட்டியது லண்டனில் கிறுக்கலாகத் தெரியும். 1995இல் பாலா பிள்ளை தொடங்கிய தமிழ்.நெட் மின்னஞ்சல் குழுக்களில்தான் அதற்கு வழி தேடினார்கள். சுவிட்சர்லாந்தின் லோசானிலிருந்து கல்யாணசுந்தரம், மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறன், இன்னும் பல நாடுகளிலிருந்து பலர். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று மடல் மடலாக வாதாடித்தான் 'டிஸ்கி' என்ற பொதுக் குறியீடு உருவானது. "இது சரிவராது" என்ற மறுப்பு எழுதியவருக்கு மட்டும் போயிருந்தால், மற்றவர்கள் அதை எப்படித் திருத்தியிருப்பார்கள்?

ஆனாலும் நான் ரோசன்தால் பக்கம். எல்லோருக்கும் போகவேண்டியது ஒருவருக்கு மட்டும் போனால், இன்னொரு முறை அனுப்பினால் முடிந்தது. ஒருவருக்கு மட்டும் போகவேண்டியது எல்லோருக்கும் போனால் திருப்பி எடுக்க முடியாது. வட்ஸ்அப்பிலாவது அழிக்கலாம்; அதற்குள் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பார்கள், அது வேறு கதை.

அதே பள்ளியின் மின்னஞ்சல் குழுவை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். பொறுப்பு வந்த அன்றே அந்த வரியை எடுத்துவிட்டேன். "நான் போட்ட பதில் ஒருத்தருக்கும் வரேல்லையாமே" என்று அந்த வாரமே மூன்று பேர் முறைப்பாடு செய்தார்கள். அதில் ஒருவர் என் அப்பா.