அருஞ்சொற்பொருள்: வாகட்டிலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

புனே நகரின் வடமேற்கு விளிம்பில், முளா ஆற்றை ஒட்டியுள்ள வாகட், 1997இல் பிம்ப்ரி சிஞ்ச்வட் மாநகராட்சியோடு இணைக்கப்படும் வரை ஒரு கிராமமாகவே இருந்தது. பக்கத்து ஹிஞ்சவடியில் மென்பொருள் வளாகங்கள் எழுந்தபின் அடுக்ககங்கள் வந்தன. அவற்றோடு தமிழ்க் குடும்பங்களும் வந்தன. இவ்வூரில் ஆய்வு நிமித்தம் வாழும் எனக்கு ஒரு காட்சி பழகிப்போய்விட்டது. அயல்நாட்டுப் பல்கலைக்கழகத் தேர்வுக்கோ வங்கித் தேர்வுக்கோ ஆயத்தமாகும் பிள்ளைகள், உயர்நிலை ஆங்கிலச் சொற்களை அட்டைகளில் எழுதி, பின்புறம் ஒரு சொல்லில் பொருள் குறித்து, பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி உருப்போடுகிறார்கள். ஜிஆர்இ தேர்வுக்கான பேரன்ஸ் நிறுவனத்தின் 3,500 சொற்பட்டியல் ஒரு தலைமுறைக்கே வேதம் போல் இருந்தது. இந்தப் பழக்கத்திற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதில் புனேவுக்கும் கணிசமான பங்குண்டு.

சொற்பட்டியலை மனனம் செய்வது நமக்கு வெள்ளையர் கற்பித்ததன்று. தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் நிகண்டு ஓதினர். புனேயின் பாடசாலைகளில் அமரகோசம் ஓதினர். ஆயினும் அவை இன்றைய அட்டைக்கட்டிலிருந்து வேறுபட்டவை. மண்டல புருடரின் சூடாமணி நிகண்டு தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று பொருள்வகையால் சொற்களைத் தொகுத்துச் செய்யுளில் யாத்தது. யானை என்றால் அதன் பெயர்கள் எல்லாம் ஒரே இடத்தில் கூட்டமாக நிற்கும். அகரவரிசைக்குத் தமிழ் மெல்ல மெல்லவே நகர்ந்தது. 1594இல் சிதம்பரம் ரேவண சித்தர் அகராதி நிகண்டை இயற்றினார். 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியை முடித்தார். நிகண்டு கற்ற மாணவன் அம்மொழியைப் பேசிப் பழகியவன் என்பதையும் மறக்கலாகாது. அவனுக்குப் புதிதாக வந்தவை சொற்கள் மட்டுமே; மொழி முன்பே அவனுடையது.

ஆங்கிலேயரின் கதையும் அருஞ்சொல்லில்தான் தொடங்கிற்று என்பது நம் பிள்ளைகளுக்குச் சற்று ஆறுதல் தரலாம். 1604இல் ராபர்ட் காட்ரி வெளியிட்ட முதல் ஆங்கில ஒருமொழி அகராதி ஏறத்தாழ 2,500 கடினச் சொற்களின் பட்டியல்தான். இலத்தீனும் கிரேக்கமும் கற்க வாய்ப்பில்லாத பெண்டிரும் பிறரும் சமயச் சொற்பொழிவுகளில் கேட்கும் அயற்சொற்களைப் புரிந்துகொள்ளும் பொருட்டே அது எழுந்தது. அதாவது, இன்று வாகட்டில் உருப்போடப்படும் பல சொற்கள் லண்டன் கடைத்தெருவிலும் ஒருகாலத்தில் அயற்சொற்களே. எளிய சொற்களுக்கும் விளக்கம் வேண்டும் என்னும் எண்ணம் ஆங்கில அகராதிக்காரர்க்குப் பிந்தியே வந்தது. 1755இல் சாமுவேல் ஜான்சனின் அகராதி நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களோடு வெளிவந்தது. அதன் 1784ஆம் ஆண்டுப் பதிப்பொன்று தஞ்சை சரசுவதி மகாலில் இன்றும் இருக்கிறது. தமிழ் மண்ணில் மராத்தியை வீட்டுமொழியாகக் கொண்டு வாழ்ந்த சரபோஜி மன்னர், ஷ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் பாடம் கேட்டு ஆங்கில நூல்களைத் திரட்டிய நூலகம் அது. தமிழும் மராத்தியும் ஆங்கிலமும் ஒரே கூரையின்கீழ்க் கூடியது மென்பொருள் காலத்தில்தான் என்று எண்ணுவோர்க்கு இதைச் சொல்லிவைக்கிறேன்.

இனிப் புனேவுக்கு வருவோம். பேஷ்வா ஆட்சி 1818இல் வீழ்ந்தது. 1821இல் விஷ்ராம்பாக் வாடாவில் கம்பெனி அரசு ஒரு சமஸ்கிருதக் கல்லூரியைத் திறந்தது. பேஷ்வாக்கள் அந்தணர்க்கு வழங்கிவந்த தட்சிணைப் பணத்தின் ஒரு பகுதி அதற்குத் திருப்பிவிடப்பட்டது. பம்பாய்ப் படையைச் சேர்ந்த ஜேம்ஸ் தாமஸ் மோல்ஸ்வொர்த், சாஸ்திரிகள் குழு ஒன்றின் துணையோடும், இரட்டையரான ஜார்ஜ் கேண்டி, தாமஸ் கேண்டி ஆகியோரின் உதவியோடும் தொகுத்த மராத்தி ஆங்கில அகராதி 1831இல் வெளிவந்தது. 1857இல் வந்த இரண்டாம் பதிப்பு 60,000 சொற்களைத் தொட்டது. மராத்தியர் அவரை ‘மோலேசர்’ என்று தம்மவராக்கிக்கொண்டனர். அச்சாஸ்திரிகளின் பெயரை அப்படி யாரும் நினைவில் வைக்கவில்லை. அகராதி வரலாறுகளில் எனக்குத் தீராத மனக்குறை இது.

1831இன் நூல், மராத்தி கேட்ட ஆங்கிலேயன் பொருள் அறிவதற்கானது. 1847இல் வந்த நூலின் திசை எதிரானது. மோல்ஸ்வொர்த் தொடங்கித் தாமஸ் கேண்டி முடித்த ஆங்கில மராத்தி அகராதி அது. அந்நூலை ஒரு துரை மராத்தியில் கடிதம் எழுதவும் புரட்டலாம். ஒரு புனே மாணவன் ஆங்கில நூலைப் படிக்கவும் புரட்டலாம். இடைப்பட்ட 16 ஆண்டுகளில் நடந்தவற்றை எண்ணிப் பாருங்கள். 1835இல் மெக்காலேயின் குறிப்பு எழுதப்பட்டது. 1844இல் ஆங்கிலக் கல்வி பெற்றோர்க்கு அரசுப் பணியில் முன்னுரிமை என்று ஹார்டிஞ்ச் அறிவித்தார். ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் தெரிவது சோற்றுக்கு வழியாயிற்று. 1851இல் சமஸ்கிருதக் கல்லூரியும் ஆங்கிலப் பள்ளியும் இணைந்து பூனா கல்லூரியான போது கேண்டியே அதன் முதல்வர்.

கேண்டியின் இடர்ப்பாடு வெறும் சொல்லிடர் அன்று. மரம், மழை, மாடு என்பவற்றுக்கு ஈடு கிடைக்கும். ஆங்கிலேயர் தம் அரசியல் வாழ்விலிருந்து எடுத்த சொற்களுக்கு ஈடு எங்கே? ‘பப்ளிக்’ என்னும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். 1870இல் புனேயில் ஒரு சபை நிறுவப்பட்டது. ‘சார்வஜனிக் சபா’ என்பது அதன் பெயர். ‘சர்வஜனம்’, எல்லா மக்களும் என்பது அதன் வேர். அதை நிறுவுவதில் முன்னின்ற கணேஷ் வாசுதேவ் ஜோஷிக்குச் ‘சார்வஜனிக் காகா’ என்னும் பெயரே நிலைத்தது. ஒரு பெயரடை ஒரு மனிதரின் பட்டமாகிவிட்டது! 1884இல் சென்னையில் அதே எண்ணத்தில் ஓர் அமைப்பு எழுந்தபோது அது ‘மகாஜன சபை’ ஆயிற்று. ‘மகாஜனம்’ என்பதோ நம் கல்வெட்டுகளில் பிரமதேயங்களின் அந்தணர் அவையைக் குறித்த பழஞ்சொல். புனேக்காரர் எல்லாரையும் குறிக்கும் சொல்லை எடுத்தனர். சென்னைக்காரர் பெரியோரைக் குறித்த சொல்லை எடுத்து எல்லாரையும் குறிக்க விரித்தனர். எந்தச் சபையிலும் அன்று உண்மையில் எல்லாரும் இருந்தாரில்லை. ஆனால் அச்சொற்கள் வந்தபின், ‘எல்லாரும் எங்கே?’ என்று கேட்க ஒரு பிடி கிடைத்தது. இன்று நாம் ‘பொது’ என்கிறோம். அது இவ்விரண்டையும் விடத் தொன்மையானது, எளியது, என் மதிப்பீட்டில் மேலானதும்கூட.

அக்கேள்வியைச் சபைகளுக்கு முன்பே கேட்டவர்கள் இதே நகரில் இருந்தனர். 1848இல் பிடே வாடாவில் ஜோதிராவ் புலேயும் சாவித்ரிபாய் புலேயும் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினர். சாவித்ரிபாய் 1854இல் வெளியிட்ட ‘காவ்யபுலே’ தொகுப்பில், ஒடுக்கப்பட்டோர் ஆங்கிலம் கற்கவேண்டும் என்று வலியுறுத்தும் கவிதைகள் உள்ளன. சமஸ்கிருதக் கல்லூரிக்குள் நுழைய முடியாதவர்களுக்கு ஆங்கிலச் சொல் ஒரு தாழ்ப்பாளை நீக்கும் கருவியாயிருந்தது. மறுபுறம், 1880இல் திலகரோடு நியூ இங்கிலிஷ் ஸ்கூலைத் தொடங்கிய விஷ்ணு சாஸ்திரி சிப்ளூண்கர் ஆங்கிலத்தைப் புலிப்பாலுக்கு ஒப்பிட்டார் என்று மராத்தியர் இன்றும் சொல்வர். குடித்தவனுக்கு வலிமை வரும் என்பது கருத்து. புலியைக் கறக்க யாரை அனுப்புவது என்பதுதான் புலே இணையரின் கேள்வியாக இருந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. அதே பள்ளியில் ஆசிரியராயிருந்து பின்னர் ஃபெர்குசன் கல்லூரி முதல்வரான வாமன் சிவராம் ஆப்டே, 1884இல் மாணவர்க்கான ஆங்கில சமஸ்கிருத அகராதியையும், 1890இல் புகழ்பெற்ற சமஸ்கிருத ஆங்கில அகராதியையும் தந்துவிட்டு, 1892இல் 34 வயதில் மறைந்தார். அவர் அகராதி இல்லாத சமஸ்கிருத மாணவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

தமிழ்ப் பக்கத்தில் இதற்கு இணையான பாதை இன்னும் முந்தியது. வேப்பேரியில் பப்ரீஷியஸின் தமிழ் ஆங்கில அகராதி 1779இலும், ஆங்கிலம் தமிழ் அகராதி 1786இலும் அச்சாயின. வின்ஸ்லோவின் பேரகராதி 1862இல் 67,000க்கும் மேற்பட்ட சொற்களோடு வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம் தமிழ்ச் சொற்களஞ்சியம் அ. சிதம்பரநாதன் செட்டியார் தலைமையில் 1963 முதல் 1965 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. ஆனால் நம் வீடுகளில் தாள் பழுத்துக் கிடப்பது இவற்றுள் எதுவுமன்று, லிப்கோதான். அதைப் பற்றித் தனியே ஒரு நூல் எழுதலாம்.

இவ்வளவு சொல்லிவிட்டு, அருஞ்சொல் மனனத்துக்கு எதிரான ஆராய்ச்சியும் நம் துணைக்கண்டத்தில்தான் பிறந்தது என்பதைச் சொல்லாமல் விடலாகாது. வங்காளக் கல்வித்துறையில் டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், அங்குள்ள மாணவர் ஆங்கில நூலைத் திறந்ததும் அரிய சொற்களில் தடுக்கி விழுவதைக் கண்டார். எந்தச் சொல் மிகுதியாக வருகிறதோ அதை முதலில் கற்பிக்கவேண்டும் என்று வாசக நூல்கள் அமைத்தார். 1935இல் அவர் வெளியிட்ட அகராதி ஏறத்தாழ 24,000 சொல்வழக்குகளை 1,490 சொற்களைக் கொண்டே விளக்கியது. 1953இல் அவருடைய பொதுப்பயன் சொற்பட்டியல் ஏறத்தாழ 2,000 தலைச்சொற்களோடு வந்தது. இன்று உலகெங்கும் ஆங்கிலம் கற்போர்க்கான அகராதிகள் குறிப்பிட்ட சில ஆயிரம் எளிய சொற்களால் பொருள் எழுதுவதற்கு மூலம் இதுவே. டாக்காவில் கண்ட உண்மை லண்டனுக்குப் போயிற்று. நம் பயிற்சி வகுப்புகளுக்கு வரவில்லை.

ஒற்றைச் சொல்லில் எழுதிய பொருள் எப்படி வழுக்குகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அட்டையில் ‘பிரிவேரிகேட்: பொய் சொல்’ என்றிருக்கும். அச்சொல் பச்சைப் பொய்யைக் குறிப்பதன்று. நேராக விடை சொல்லாமல் நழுவுவது. தமிழில் ‘மழுப்புதல்’ என்னும் அழகிய சொல் காத்திருக்கிறது. அட்டையைத் தயாரித்தவர் தாய்மொழியில் ஒரு கணம் நின்று தேடியிருந்தால் அது கிடைத்திருக்கும். மாணவன் தேர்வில் தப்பிவிடக்கூடும்; ஒரு நேர்முகத்தில் மேலாளரைப் பற்றி அச்சொல்லை ஆண்டானாகில் என்ன சொன்னோம் என்பதே அவனுக்குத் தெரியாது. ஜிஆர்இ தேர்வே 2011 ஆகஸ்டில் எதிர்ச்சொல் வினாக்களையும் ஒப்புமை வினாக்களையும் நீக்கி, சொல்லை வாக்கியத்துள் வைத்துக் கேட்கத் தொடங்கிற்று. பட்டியல்கள் மட்டும் அப்படியே விற்கின்றன. அப்பா பல்வந்த் சவுக்கில் ஒரு நடை நடந்தால் தெரியும். அங்கேயே நார்மன் லூயிஸின் 1949ஆம் ஆண்டு நூலும் கிடைக்கும். வேர்களைக் காட்டிச் சொற்களைக் குடும்பமாகக் கற்பிப்பதால் அது நம் நிகண்டுக்குச் சற்று நெருங்கிய உறவு என்பேன். பட்டியல்தான் வாங்குவேன் என்போர் அதையாவது வாங்கலாம்.

வாகட்டுக்கு நகரின் மறுகோடியில், எரவாடாவில், பூனா கல்லூரியின் வழித்தோன்றலான டெக்கான் கல்லூரி இருக்கிறது. 1948இல் எஸ். எம். காத்ரே அங்கே வரலாற்று முறையிலான சமஸ்கிருத அகராதித் திட்டத்தைத் தொடங்கினார். ஏறத்தாழ 1,500 நூல்களிலிருந்து ஒரு கோடி அளவிலான சீட்டுகள் எடுக்கப்பட்டன. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு சொல்லும் அது வழங்கிய இடமும் இருக்கும். முதல் பகுதி வெளிவர 1976 ஆயிற்று. அதன்பின் 35 தொகுதிகள் வந்தும் பணி அகரத்திலேயே நின்றது. அந்தச் சீட்டுப் பேழைகள் இன்றும் அங்கே உள்ளன.