பன்னா கோட்டாவின் வயது

இத்தாலிய மொழியில் பன்னா கோட்டா என்றால் ‘சமைத்த பாலேடு’. வடமேற்கு இத்தாலியின் பியத்மோந்தே வட்டாரத்துப் பழம்பண்டம் என்றே அதைப் பரிமாறுகிறார்கள். ஆனால் 1960-களுக்கு முந்தைய இத்தாலியச் சமையல் நூல்களில் அந்தப் பெயர் தென்படுவதில்லை. 2001-இல் பியத்மோந்தே தன் பாரம்பரிய உணவுப் பட்டியலில் அதைச் சேர்த்ததே என்று கேட்கலாம். அப்பட்டியலில் இடம்பெற 25 ஆண்டு வழக்கம் இருந்தாலே போதும். 1970-களில் பிறந்த பண்டத்துக்கும் அங்கே இடமுண்டு. இன்னும் வலுவான மறுப்பு, இடைக்கால ‘பியாங்கோமஞ்சாரே’ என்ற பண்டம் இதன் முன்னோடி என்பது. அதில் பாதாம் பாலும் அரிசி மாவும், பல குறிப்புகளில் கோழி இறைச்சியும்கூடச் சேர்ந்தன. தூரத்துச் சொந்தம் எனலாம், அவ்வளவுதான்.

செய்முறையே பண்டத்தின் வயதைச் சொல்கிறது என்பது என் எண்ணம். குளிர்நீரில் ஊறிய ஜெலட்டினை, சர்க்கரையும் வெனிலாவும் சேர்த்துச் சூடாக்கிய பாலேட்டில் கரைத்து, அச்சில் ஊற்றிக் குளிரவைக்க வேண்டும். கொதிக்க விடுவதுகூட இல்லை. சமையல் பெயரோடு சரி! முட்டையோ மாவோ இல்லாததால், அது இறுக ஜெலட்டினையும் குளிரையுமே நம்பியிருக்கிறது. பனிக்கட்டி வாங்க வசதியுள்ள மாளிகைகளுக்கு இது முன்பே கைகூடியிருக்கும். சாதாரண இத்தாலிய வீடுகளுக்குக் குளிர்பதனப் பெட்டி பரவலாக வந்தது 1950, 60-களின் பொருளாதார எழுச்சியில்தான். அந்தப் பெயர் அச்சேறத் தொடங்கியதும் ஏறக்குறைய அதே காலத்தில்.