கிருமிகள் கைமாற்றிய சீட்டு



இரத்தக்கடுப்பு என்றால் என்னவென்று நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. லயத்தில் ஒரு பிள்ளைக்குக் கண்டால் அடுத்த வீட்டுக்கும் தொற்றிவிடும். இந்நோயை உண்டாக்கும் கிருமியை 1897ஆம் ஆண்டில் ஜப்பானில் கண்டறிந்தவர் கியோஷி ஷிகா. அவர் பெயராலேயே அக்கிருமி இனத்திற்கு ஷிகெல்லா என்று பெயர். அதே ஜப்பானில்தான், சுமார் அறுபது ஆண்டுகள் கழித்து, அக்கிருமி மருத்துவர்களைத் திகைக்க வைத்தது. அந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

1945இல் போர் முடிந்தபின் ஜப்பானில் கடுப்புநோய் மிகுந்திருந்தது. சல்பா மாத்திரை கொடுத்தார்கள். முதலில் நன்றாகக் கேட்டது. சில ஆண்டுகளிலேயே பெரும்பாலான ஷிகெல்லா கிருமிகள் அதற்கு அசையவில்லை. பிறகு ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின், குளோரம்பெனிக்கால் ஆகியவை வந்தன. ஆனால் 1955இல், ஹாங்காங்கிலிருந்து திரும்பிய ஒரு நோயாளியிடம் கிடைத்த ஷிகெல்லா இந்த நான்கு மருந்துகளுக்குமே சாகவில்லை!

இதில் என்ன வியப்பு என்று கேட்கலாம். பல கோடிக் கிருமிகளில் ஏதோ ஒன்றுக்குத் தற்செயலாக மரபில் மாற்றம் நேர்ந்து, ஒரு மருந்தைத் தாங்கும் வலிமை வரக்கூடும். நான்கு மாற்றங்களும் ஒரே கிருமியில் ஒன்றாக நேர்வதென்பது நம்பக்கூடியதா? அதுமட்டுமல்ல, ஒரே மருந்தை உண்டவர்களிடமும் நான்கையும் எதிர்க்கும் கிருமிகள் காணப்பட்டன. அவர்கள் குடலில் சாதுவாக வாழும் ஈ.கோலை என்னும் வேறு கிருமியிலும் அதே நான்கு எதிர்ப்புகள் இருந்தன.

1959இல் ஒச்சியாய், அக்கிபா ஆகிய இரு அறிஞர்களின் குழுவினர் விடை கண்டார்கள். மருந்துக்கு அஞ்சாத ஈ.கோலையையும், மருந்துக்குச் சாகும் ஷிகெல்லாவையும் ஒரே குழாயில் கலந்து வளர்த்தார்கள். பிறகு பார்த்தால், ஷிகெல்லாவும் நான்கு மருந்துகளையும் எதிர்த்தது. மாமியார் மருமகளுக்கு மட்டும் சொல்லித்தந்த குழம்புப் பக்குவம், ஒரு துண்டுச் சீட்டில் எழுதப்பட்டு அடுத்த வீட்டுக்குப் போனதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட்டைக் கொடுத்தவளிடமும் அதன் நகல் இருக்கும். கிருமிகளுள் இந்தச் சீட்டு என்பது பிளாஸ்மிட் எனப்படும் சிறிய மரபணு வளையம். இரு கிருமிகள் ஒன்றையொன்று தொட்டு நிற்கையில் அது கைமாறுகிறது.

ஜப்பானிய மொழியில் எழுதப்பட்டதால் இச்செய்தி வெளியுலகை எட்டச் சற்றுக் காலம் பிடித்தது. 1963இல் வாதனாபே என்பவர் ஆங்கிலத்தில் விரிவாக எழுதிய பிறகே பலர் விழித்துக்கொண்டனர். அதற்கு முன்பே, இலண்டன் மருத்துவமனை ஒன்றில் பரவிய சால்மொனெல்லா கிருமிகளை ஆராய்ந்த நவோமி டாட்டா என்ற அம்மையார், அங்கும் இப்படிக் கைமாறுவதை 1962இல் எழுதியிருந்தார்.

அந்த அம்மையாரின் பிற்கால ஆய்வொன்றுதான் நமக்கு மிகவும் பிடித்தது. மர்ரே என்ற அறிஞர் 1917 முதல் 1954 வரை சேர்த்து வைத்த பழங்கிருமிகளைச் சோதித்து, 1983இல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றுள் ஏறத்தாழக் கால்பங்கில் கைமாறக்கூடிய வளையங்கள் இருந்தன. ஆனால் எதிலிருந்தும் மருந்து எதிர்ப்பு இன்னொரு கிருமிக்குப் போகவில்லை. சீட்டு கொடுக்கும் வழக்கம் பழையது. அதில் மருந்துகளின் பெயர்கள் ஏறியது, நாம் அம்மருந்துகளை அள்ளி உண்ணத் தொடங்கிய பிறகுதான்.